லாகீசின் தென்மேற்கு மூலை

அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஞாயிறு மதியம், அமெரிக்கர்கள் ஆராதனை முடித்துப் போன பிறகு, அவர்களுடைய ஆலயத்தில் கூடுவோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் போதகர் ஓர் ஏற்பாடு செய்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு வேதகாலப் பட்டணத்தை அட்டையில் கட்டி, அதன் வரலாற்றைத் தமிழில் சொல்ல வேண்டும். உண்மையில் கட்டியது அப்பாக்கள்தான். எல்லோரும் டெலிகாம் இன்ஜினியர்கள், விடுவோமா? பன்னிரண்டு வயதான என் மகள் மட்டும் என்னைக் கிட்டே அண்டவிடவில்லை.

அவள் எடுத்துக்கொண்டது லாகீஸ். யூதாவில் எருசலேமுக்கு அடுத்த பெரிய அரண். நூலகப் புத்தகங்களைப் படித்துப் படித்து மதிலை எழுப்பினாள். தென்மேற்கு மூலையில் மதிலைப் பிளந்து, அசீரியப் படை ஏறி வரக் குவித்த கற்சரிவையும் கட்டினாள். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பொறுக்கிய கற்களை ஒவ்வொன்றாக ஒட்ட அவளுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

"ஏட்டி, ஊரைப் பிடிக்க வந்தவனுக்கு நீயே பாதை போட்டுக் குடுக்கியா?"

"தட்ஸ் ஹவ் தே காட் இன், அப்பா."

பக்கத்து மேசையில் என் நண்பர் கட்டிய எருசலேம் பொன் வண்ணத்தில் மின்னப்போகிறது என்று எனக்குத் தெரியும். தோற்ற ஊரோடு என் மகள் நிற்பதா? ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் சரிவைப் பெயர்த்துக் குப்பையில் போட்டேன். பிளவை அட்டையால் அடைத்து வண்ணம் பூசினேன். துணி போட்டு மூடி, காரில் வைத்தேன்.

சபை முன் துணியை எடுத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. வீட்டில் ஆங்கிலத்திலேயே பதில் சொல்பவள், நிறுத்தி நிறுத்தித் தமிழில் பேசினாள்.

"இங்க ஒரு சரிவு இருந்துச்சு. அசீரியா ராஜா கட்டினாரு. எங்க அப்பா எடுத்துட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்போ உங்க அப்பா ஊரைக் காப்பாத்திட்டாருன்னு சொல்லு!" என்றார் முன்வரிசை ஆன்ட்டி.

"இல்ல ஆன்ட்டி. ஊர் விழுந்துச்சு."

பெஞ்சுகளில் இருந்த பாட்டுப் புத்தகங்களை எடுத்துவந்து, மதிலின் வெளிப்பக்கத்தை ஒட்டிச் சரிவாக அடுக்கத் தொடங்கினாள். அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "உள்ள இருந்தவங்க சும்மா இருக்கல. அவங்களும் உள்பக்கம் மண்ணு கொட்டிக் கொட்டி ஒசத்தினாங்க. அப்பவும் விழுந்துச்சு. அப்புறம் திரும்பக் கட்டினாங்க. பாபிலோன் வந்தப்போ, கடைசி வரைக்கும் நின்ன ஊர்ல இதுவும் ஒண்ணு."

மதில் உச்சியைத் தொட இன்னும் ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"அப்பா, உங்க புக்."

கொடுத்தேன். அன்று கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இன்றுவரை நான் கேட்கவில்லை. ஆனால் என் புத்தகத்தை உச்சியில் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்து நின்றபோது, அவள் என் மகள் என்று ஊருக்கே கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்து மேசையில் எருசலேம் மின்னிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.