'சந்தேகம்' என்று பெயர் வைத்த ஃபோல்டர்

பெரிய பேரன் கோயம்புத்தூரில் இன்ஜினியர். சின்னவன் பேங்க் பரீட்சை பாஸ். பேத்தி காயத்ரிக்கு பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை, போன மாசம் புரமோஷன்.

அவளுக்கு அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த சேகர் தம்பி நேற்றுத் தவறிவிட்டார்... நெஞ்சுவலியாம். ஐம்பது வயசுகூட ஆகவில்லை.

முதலில் எனக்கு அவர்மேல் நம்பிக்கையே கிடையாது. அவர் சென்டரில் இருந்ததெல்லாம் யூனிக்ஸ் கம்ப்யூட்டர். அதில் போடுகிற சாஃப்ட்வேர் எல்லாம் இலவசம் என்றார்கள். ஓசியில் எவன் கொடுப்பான்? பரளச்சியிலிருந்து பேத்தியோடு நானும் பஸ் ஏறிப் போய், கிளாஸ் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

போய்ப் பார்த்தால்... அவர் என்னைவிடச் சந்தேகக்காரர்!

இலவசமாக வந்த எதையும் உடனே சேர்க்க மாட்டார். 'சந்தேகம்' என்றே ஒரு ஃபோல்டர். வந்ததெல்லாம் முதலில் அதில்தான். உள்ளே எழுதியிருப்பதை வரி வரியாகப் படித்த பிறகுதான் 'லைப்ரரி'க்குப் போகும்.

"லைப்ரரின்னா ஊர்ப் பொது அண்டா மாதிரி ஆச்சி. எல்லாப் புரோகிராமும் அதத்தான் எடுத்துப் பொழங்கும்."

"அப்ப அதுல ஓட்டை விழுந்தா அம்புட்டு வீட்டுச் சோறும் போச்சே?"

"அதுக்குத்தான இம்புட்டுப் பாக்குறேன்!"

ஒருநாள் காயத்ரி சொந்தமாக ஒன்று எழுதினாள். தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்குகிற புரோகிராம். அதையும் 'சந்தேக'த்தில் போட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"ஏந்தம்பி, எம் பேத்தி எழுதுனதுல என்னய்யா சந்தேகம்?"

"தெரிஞ்ச கடைன்னு நீங்க கத்திரிக்காயப் பொறுக்காமயா வாங்குறீக?"

ரொம்ப நாள் அவரோடு பேச்சில்லை; பேத்தியோடு கிளாஸுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். ஆனால் காயத்ரி கிளாஸ் முடிந்து வந்தால் முதல் கேள்வி அதுதான்... "எடுத்து மாத்திட்டாரா?"

இன்று துட்டி கேட்கப் போனோம். காயத்ரியும் வந்துவிட்டாள். அவரோடு வேலை பார்த்த செல்வி எங்களைச் சென்டருக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். பிள்ளை எழுதியது இன்னும் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது.

"ஆச்சி, இப்ப லைப்ரரிக்கு மாத்திருவமா? ஒரு நிமிசம்தான்" என்றாள் செல்வி.

காயத்ரி என் முகத்தைப் பார்த்தாள்.

"தொடாத தாயி. அவுக இன்னும் பாத்து முடிக்கல" என்றேன்.

போயிட்டு வாங்க தம்பி.

ஒன்று மட்டும். அஞ்சலி போஸ்டரில் பல் தெரியச் சிரிக்கிறார். அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை... யாரோ கம்ப்யூட்டரில் சிரிக்க வைத்திருக்கிறார்கள். கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்க்கிற போட்டோ யாரிடமாவது இருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள்.