பட்டவர்தான் சொல்ல வேண்டும்

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெருவில் ஒரு கராத்தே வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். நல்ல வாத்தியார் என்று எப்படித் தெரிந்துகொள்வது என அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்கிறார்கள். வருவாய்த்துறையில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விதி தெரியும் என்று நம்புகிறார்கள். சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள் என்கிறேன். திருப்தியாகப் போகிறார்கள். நான் அறிந்த ஒரே நல்ல வாத்தியாரிடம் அப்படி எதுவும் இருந்ததில்லை.

அவர் என் தங்கையின் கணவர். அறுபதுகளின் தொடக்கத்தில், பீளமேட்டுப் பக்கம் ஒரு பஞ்சாலையில் புளோ ரூமில் வேலை பார்த்தார். பஞ்சுப் பொதியைப் பிரித்து அடித்துத் தூசியை நீக்கும் இடம் அது. நீக்கிய தூசி எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை; உள்ளே நிற்பவர்களின் நெஞ்சுக்குத்தான் போகும். ஷிப்டு முடிந்ததும் ஆலைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஆலைத் தொழிலாளிகள், ஒரு தையல்காரர், தொந்தி குறைய வேண்டி நான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடி பட்டால், பட்டவரே "பட்டுருச்சுங்க" என்று சொல்லிக் கம்பைத் தாழ்த்த வேண்டும். நான் அரசாங்கத்தில் இதற்கு நேர் எதிரான பயிற்சி பெற்றவன். விரல் வீங்கிய பிறகும் வாயைத் திறக்கவில்லை.

"ஏனுங்க மச்சான், மெமோ குடுத்தாத்தான் ஒத்துக்குவீங்களா?" என்றார். பொட்டலே சிரித்தது.

"வலிக்கவே இல்ல மாப்ள."

"அப்ப அதே வெரல்ல இன்னொண்ணு போடட்டுங்களா?"

"பட்டுருச்சு, பட்டுருச்சு!"

"மறைச்சீங்கன்னா அதே எடத்துல மறுக்காவும் வாங்குவீங்க" என்றபடி விரலை நீவிவிட்டார்.

அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவில் சிலம்பப் போட்டி வைத்தார்கள். ஜெயித்து வந்தால் வாசல் காவலுக்கு மாற்றிவிடுவதாக ஆலை மேனேஜர் சொல்லியிருந்தார். தங்கைக்கு அது போதும். இரவெல்லாம் அவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். "கேட்டுல நின்னா இந்தத் தூசி போயிருமுங்ணா" என்று என்னிடம் பல தடவை சொல்லிவிட்டாள்.

கடைசி ஆட்டம் ஈரோட்டு வாத்தியாரோடு. இருவரும் சமநிலை, அடுத்த தொடுகை யாருடையதோ அவருக்கே வெற்றி. நடுவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிராளியின் கம்பு நுனி இவர் கணுக்காலை உரசியிருக்கிறது. அடித்தவருக்கே அது தெரியவில்லை. இவர் கம்பைத் தாழ்த்தினார்.

"பட்டுருச்சுங்க."

ஜெயித்தவருக்கு மாலை போடுவதற்குள், பார்க்க வந்திருந்த மேனேஜர் கிளம்பிவிட்டார். அன்று சோறு போடும்போது தங்கை என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அத்தன கூட்டத்துல ஒருத்தருக்குந் தெரியலீங்ணா. இவரு வாய் மட்டும் சும்மா இருக்காது. இனி அந்தத் தூசியிலயே கெடக்கட்டும்."

"கொழம்பு ஊத்து அம்மணி" என்றார் அவர்.

வாசல் வேலை வேறொருவருக்குப் போனது. தோற்கக் கற்றுத்தரும் வாத்தியார் என்று ஆலையில் கேலி பேசினார்கள். கொஞ்ச நாளில் பொட்டலில் தையல்காரரும் நானும் மட்டும் மிஞ்சினோம். அவரோ கூட்டம் இருப்பது போலவே குரல் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். பிறகு குரல் இறங்கியது. நடுநடுவே நின்று மூச்சு வாங்கினார்.

"ஏனுங்க, நெஞ்சு நோவுதுங்களா?" என்று தங்கை கேட்கும்போதெல்லாம், "அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி" என்பார். துண்டை ஆலைக் குழாயிலேயே அலசிக் கொண்டுவருவார். அதில் ரத்தம் இருந்தது பெரியாஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த மழைக்காலத்தைக் கூட அவர் தாண்டவில்லை.

காரியங்கள் முடிந்து வீடு காலியான பிறகு தங்கை என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊரு முன்னால நின்னு சொன்னாருங்ணா. எங்கிட்டச் சொல்லலியே" என்றாள். "அன்னிக்கு நான் அப்பிடிப் பேசாம இருந்திருந்தா சொல்லியிருப்பாருங்களா?"

எந்தக் கேள்விக்கும் பதில் எழுதத் தெரிந்தவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். மூலையில் சாய்த்துவைத்திருந்த அவருடைய கம்பை எடுத்துத் தரையில் தாழ்த்திவைத்தேன்.