அண்ணன் ஜீப்புக்குப் பூட்டிய டர்போ

போன கிழமை நுவரெலியாவிலிருந்து ஒருவர் ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து ஹட்டனில் உள்ள என் கராஜ் வாசலில் நிறுத்தினார். ஹோட்டல்காரர். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதைகளில் ஓட்டுகிறாராம். பொனட்டைத் தூக்கிக் காட்டி, "மேட்டுல இழுக்க மாட்டேங்குதுங்க. டர்போ ஒன்னு பூட்டித் தருவீங்களா?" என்றார். நல்ல எஞ்சின், மனிதரும் நல்லவராகத்தான் தெரிந்தார். சூடான ஒயில் வாசம் மூக்கில் ஏறியது.

"அந்த வேல நான் செய்யிறதில்லீங்க."

"நீங்க செஞ்சிருக்கீங்கன்னு சொன்னாங்களே?"

"தப்பாச் சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் பொனட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். தப்பாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அப்போது நான் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான். இரண்டு வருடத்தில் ஒருவனுக்கு எவ்வளவு தெரியுமோ அதைவிடப் பத்து மடங்கு தெரியும் என்ற நினைப்பில் திரிந்தேன். எவரோ விட்டுப்போன இங்கிலீஷ் வாகனப் புத்தகம் ஒன்று கராஜில் கிடந்தது. அதில் படம் மட்டும் பார்ப்பேன். எழுத்தெல்லாம் எனக்கெதற்கு, படமே போதாதா என்று சொல்லிக்கொள்வேன். அதில்தான் முதன்முதலாக டர்போவைப் பார்த்தேன். நத்தைக் கூடு மாதிரி ஒரு இரும்புச் சாமான். வெளியே போகிற புகையின் வேகத்தில் அதற்குள் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அது சுற்றச் சுற்ற, மறுபக்கத்துச் சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே. அந்த உயரத்தில் காற்று மெலிசு. பழைய டீசல் எஞ்சின்களுக்கு அங்கே மூச்சிழுப்பு வந்துவிடும். கரும்புகையைக் கக்கிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஏறும். தோட்டத்துத் துரை கழித்துவிட்ட அப்படியொரு ஜீப்பைத்தான் அண்ணன் வாங்கி ஓட்டினார். மேல் டிவிசனில் எங்கள் லய வீடுகளுக்கும் பக்கத்து லயங்களுக்கும் அது ஒன்றுதான் வாகனம். அரிசி, மண்ணெண்ணெய், டீச்சர்மார், திருவிழாவுக்கு வாழை மரம் எல்லாம் அதில்தான் வரும். கூரைத் தகரங்களுக்கு நடுவில் ஒரு ஆட்டையும் உட்கார வைத்து ஏற்றி வந்திருக்கிறார். ஆடு இறங்கும்போது அவரைப் பார்த்த பார்வையைச் சொல்லிச் சொல்லி அண்ணி சிரிப்பார்.

அண்ணி மலையில் கொழுந்து பறிக்கிறவர். முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது அந்த ஜீப்பில்தான் கொண்டுபோனோம். ரோட்டைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். லயத்திலிருந்து முதலில் ஒரு செங்குத்தான ஏற்றம், உச்சியில் முனியாண்டி கல். அங்கிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் நீள இறக்கம். பாலத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு மறுபடி ஏற்றம். அந்தக் கடைசி ஏற்றத்தில் ஜீப் மூன்று தடவை நின்று நின்று ஏறியது. ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் முந்தி வந்திருந்தா" என்றார்கள். ஆண் பிள்ளை.

அண்ணி மறுபடி உண்டானபோது அண்ணன் கராஜுக்கு வந்தார். நான் ஒரு லொறிக்கு அடியில் படுத்திருந்தேன். குனிந்து பார்த்து, "தம்பி, இந்த ஜீப்ப எப்புடியாச்சும் வேகமா ஏற வையி. இந்தத் தடவ நேரத்துக்குப் போயிரணும்" என்றார்.

கொழும்பிலிருந்து பழைய ஜப்பான் வேனொன்றின் டர்போ வந்தது. எங்கள் எஞ்சினில் அதைப் பூட்ட இடமே கிடையாது. ஹட்டனில் லேத் பட்டறை வைத்திருந்த சிங்கள பாஸ் ஒருவர் தடித்த இரும்புப் பலகையில் இணைப்பு வெட்டித் தந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில், "மல்லி, ஒயில் நல்லா போகணும், ஒயில் இல்லே, டர்போ இல்லே" என்று மூன்று தடவை சொன்னார். மல்லி என்றால் தம்பி. எனக்குத் தெரியாததா என்று தலையாட்டினேன். ஒயில் போகக் குழாய், திரும்ப வரக் குழாய், காற்றுக்குப் புது ரப்பர் ஹோஸ் எல்லாம் பூட்டினேன். சூடு வயர்களில் படாமலிருக்க ஒரு தகடு தேவைப்பட்டது. அண்ணி அடுப்படியிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்துத் தந்தார். அதை விரித்து அடித்தேன்.

புது ரப்பர் வாசம் என்றால் இன்றைக்கும் அண்ணியின் படங்குதான் ஞாபகம் வரும். கொழுந்து பறிக்கிறவர்கள் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்வார்களே, அந்தப் படங்கு. மழை நாளில் அதோடு நின்றுகொண்டுதான், பொனட்டுக்குள் எட்டிப் பார்த்து டர்போவில் விபூதி பூசினார். "ரோதமுனிக்கு நேந்துக்கிட்டேன்" என்றார். பெக்டரியில் ரோதைகளைக் காக்கிற சாமி. சுற்றுகிற சக்கரம் எதுவானாலும் அவருக்குத்தான் சொந்தம் என்பது அண்ணியின் கணக்கு. நான் சிரித்தேன்.

முதல் நாள் ஜீப் விசிலடித்துக்கொண்டு முனியாண்டி கல்லுக்கு ஏறியது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் பத்து டர்போ பூட்டியிருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் உச்சிக்கு வந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். நியூட்ரலில் போட்டு இறக்கம் முழுக்கச் சும்மா உருட்டிக்கொண்டு வருவார்கள். டீசல் மிச்சம். கீழே பாலத்தடியில் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் தானாகப் பிடித்துக்கொள்ளும். லொறிக்காரரும் அப்படித்தான், பஸ்காரரும் அப்படித்தான். நானும் அப்படித்தான் ஓட்டப் பழகினேன். ஆனால் டர்போ பூட்டிய வண்டியில் அது கூடாது. மேடேறி வந்த டர்போ நெருப்பாய்ச் சிவந்திருக்கும். எஞ்சினை நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நின்றுவிடும், உள்ளே இருக்கிற ஒயில் கரியாகி, சக்கரம் இறுகிப் போகும்.

"அண்ணே, உச்சியில நிப்பாட்டவே கூடாது. வெளங்குதா?" என்று சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் ஒரு தடவைகூடத் தவறவில்லை. முனியாண்டி கல்லடியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியேதான் இறங்குவார். மற்ற டிரைவர்கள் கேலி பண்ணினார்கள். "டீசல் கெணறு தோண்டியிருக்கீங்களாண்ணே?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார்.

கிளினிக்கில் கொடுத்த திகதிக்கு மூன்று கிழமை இருக்கும்போதே அண்ணிக்கு வலி வந்துவிட்டது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போயிருந்த நேரம். தோட்டத்து லொறி கொழுந்தோடு பெக்டரிக்குப் போயிருந்தது. அன்றைக்கு நான் லீவில் வீட்டில் இருந்தேன். அண்ணன் அண்ணியைப் பின்னால் மடியில் சாய்த்துக்கொண்டு, "நீ ஓட்டுறா" என்றார்.

ஓட்டினேன். முதல் மேட்டை ஜீப் விழுங்கிக்கொண்டு ஏறியது. நேரத்துக்குப் போய்விடுவோம் என்று எனக்குத் திடமாகத் தெரிந்தது. உச்சி வந்தது. கல்லைக் கடந்தேன். கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். பின்னாலிருந்த அண்ணனும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இறக்கத்தில் எஞ்சின் சத்தம் இல்லாமல் போவது எங்கள் எல்லோருக்கும் பிறந்ததிலிருந்து பழகியது. டயர் சத்தமும் அண்ணியின் முனகலும் மட்டும் கேட்டன. பாதி இறக்கத்தில்தான் எனக்கு உறைத்தது. உடனே கியரைப் போட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்தேன். டர்போவின் விசில் வரவில்லை.

பாலத்தைத் தாண்டி ஏற்றத்தில் இரண்டாவது வளைவுக்குமேல் ஜீப் போகவில்லை. இறுகிப்போன டர்போ காற்று போகிற வழியையே அடைத்துக்கொள்ளும். டர்போ இல்லாத பழைய எஞ்சின் என்றால் நின்று நின்றாவது ஏறியிருக்கும். மலையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கம்பளியில் அண்ணியைக் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஏறினோம். நோர்வூட் பஸ்ஸை மறித்து ஏற்றினோம்.

பெண் பிள்ளை. அதுவும் தங்கவில்லை. இந்தத் தடவை முந்தி வந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தேத்தண்ணி குடிச்சியா தம்பி?" என்று கேட்டார். "குடிச்சேண்ணே" என்றேன். குடிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. கொஞ்ச நாளில் சரியாகும் என்று நினைத்தேன்.

ஒரு கிழமை கழித்து லயத்துக்குப் போனபோது அண்ணனே டர்போவைக் கழற்றி, பழைய சாமான்களைப் பூட்டியிருந்தார். ஸ்பெனர் பிடிக்கவே தெரியாதவர். நட்டெல்லாம் முனை மழுங்கிப் போயிருந்தது. டர்போவை மண்ணெண்ணெயில் துடைத்து ஒரு சாக்கின்மேல் வைத்திருந்தார். "ஒன் சாமான் அந்தா இருக்கு, எடுத்துக்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். உச்சியில் நான்தான் எஞ்சினை நிறுத்தினேன் என்று நான் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. இவ்வளவு வருடமாக அது அப்படியே கிடக்கிறது.

இப்போது மேல் டிவிசனுக்குக் கொங்ரீட் ரோடு. போன் எடுத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. இறக்கத்தில் எவரும் எஞ்சினை நிறுத்துவதில்லை. எங்கள் லயத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அண்ணனும் அண்ணியும் ஹட்டனுக்கு வந்துவிட்டார்கள், அண்ணன் த்ரீவீலர் ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. தீபாவளிக்கு வருவார்கள், நன்றாகத்தான் பேசுவார்கள், அண்ணி என் தட்டில் இன்னொரு தோசை வைப்பார். த்ரீவீலரில் ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் அண்ணன் என் கராஜைத் தாண்டி, ரோட்டு முடிவில் இருக்கிற இன்னொரு கராஜுக்குப் போவார். போகும்போது எனக்கு ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் போவார்.

போன மாதம் ஒரு நாள் அந்த த்ரீவீலர் சரியாக என் வாசலிலேயே நின்றுவிட்டது. அண்ணன் இரண்டு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். பிறகு அவரும் அண்ணியும் இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். "என்னண்ணே?" என்றேன். "ஒன்னுமில்ல தம்பி, சும்மா" என்றார். மூன்று பேருமாக அதை அந்த இன்னொரு கராஜ் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.