கத்திப் பிடிக்குள் நெருப்பு

சொன்னது நான்தான். அதுவும் யோசித்துச் சொன்னதல்ல, எரிச்சலில் வந்த வார்த்தை.

என் தம்பி ஹுன்னஸ்கிரியாவுக்கு மேலே காட்டில் ஏலக்காய் பறிக்கப் போய், இரண்டே வாரத்தில் குளிர்க்காய்ச்சலோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்திருந்தான். தேயிலை விலை இறங்கி, தோட்டங்களில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். அவனுக்கும் பேர் வெட்டிவிட்டார்கள். ஏலக்காய்க் காடு ஒன்றுதான் ஆள் வேண்டும் என்றது. அந்தக் காட்டில் மழை நின்றால்தான் செய்தி. மடியில் சுற்றி வைத்த நெருப்புப்பெட்டி இரண்டாம் நாளே களியாகிவிட்டதாம். கூட இருந்தவர்கள் வேறு பக்கம் போய்விட, மூன்று நாள் ஊறிய அரிசியை மென்றுகொண்டு, தீ மூட்ட வழியில்லாமல் ஈரத்திலேயே படுத்திருக்கிறான்.

"எல்லாம் நனையுது அக்கா. சாக்கு நனையுது, கம்பளி நனையுது. கத்தி ஒண்ணுதான் கையை விட்டுப் போகாம கூடவே இருக்கு."

"அப்போ நெருப்புக்குச்சியக் கத்திக்குள்ளயே வச்சிக்கிட்டுப் போ!" என்றேன். கஞ்சிச் சட்டியைக் கொஞ்சம் சத்தமாகவே இறக்கி வைத்தேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

என் வீட்டுக்காரர் கொல்லர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால் எங்கள் பட்டறை. அவர் அடிப்பார், நான் துருத்தி இழுப்பேன். அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, பிடி குழாயா இருந்தா வைக்கலாமே."

கொல்லன் தெருவில் ஊசி விற்றவள் ஆகிவிட்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. காய்ச்சல் விட்டதும் தம்பி மறுபடி காட்டுக்குத்தான் போகப்போகிறான், வேறு வழியில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நனையாத நெருப்பு கையில் இல்லாமல் போனால் இந்தத் தடவை அவன் திரும்பி வரமாட்டான் என்று எனக்கு மனதுக்குள் அடித்துக்கொண்டது.

அலவத்துகொடையிலிருந்து பழைய சாமான் கொண்டுவரும் வியாபாரி ஒருவரிடம் உடைந்த பித்தளைக் கட்டில் கால் கிடைத்தது. "வெள்ளக்காரன் படுத்த கட்டில் தங்கச்சி, அசையாது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக் கொடுத்தார். அதில் ஒரு சாண் வெட்டியதுதான் பிடி. லொறி ஸ்பிரிங் துண்டை அடித்து அலகு செய்தார் அவர். அலகின் வாலைச் சுட வைத்து, அரக்கும் செங்கல் பொடியும் நிரப்பிய குழாய் வாயில் இறக்கினார். கத்திக்குப் பிடி போடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற முறை அது. அரக்கு ஆறினால் கல். குழாயின் மறுபக்கம் நாலு விரல் ஆழத்துக்கு வெற்றிடம். அதற்குக் கொய்யாக் கட்டையில் ஒரு மூடி கடைந்து, தேன்மெழுகு தடவிய துணியைச் சுற்றினேன்.

உள்ளே இருபது நெருப்புக்குச்சி, உரசுகிற பட்டை ஒரு துண்டு, ஊசி, நூல். அட்டைக் கடிக்கு உப்பும் வைக்கலாம் என்றார் அவர்.

"உப்ப வச்சா அதுவே ஈரத்த இழுத்துக் குச்சிய நனைச்சிரும். அடுப்படிப் பக்கம் என்னைக்காவது வந்திருந்தாத் தெரியும்" என்றேன். உப்பு பானையிலேயே நின்றுவிட்டது.

பிறகு சோதனை. பலா மரத் துண்டில் நூறு வெட்டு வெட்டினார். கல் இடுக்கில் அலகைச் செருகிப் பிடியின் மேல் ஏறி நின்றார். மனிதர் சும்மா இருக்கும்போதே கனம், அன்று சாப்பாடும் ஆகியிருந்தது. அலகு வளைந்து நிமிர்ந்தது, பிடி அசையவில்லை. கயிற்றில் கட்டி மகாவலி ஆற்றுக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் போட்டு வைத்தோம். எடுத்து மூடியைத் திருகி, குச்சியை உரசினால் பக்கென்று பற்றியது. துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் தம்பி புறப்படும்போது வாயைக் கொடுத்தேன்.

"எதுக்கும் ராத்திரியில கத்திய அடுப்புக்கு மேல கட்டித் தொங்க விடு. நல்லா காஞ்சிருக்கும்."

எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேல் தொங்காத பொருள் இல்லை. புளி, கருவாடு, விதைப் பயறு, மழைக்காலத்தில் உப்புப் பானை, எல்லாம் அங்கேதான். ஈரத்துக்கு அதைவிட நல்ல இடம் எது? அவன் தலையாட்டினான். அவனும் அதே அடுப்படியில் வளர்ந்தவன்தானே.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தான். இடது கை முழுக்கத் துணிச் சுற்று. கொடியை வெட்டும்போது அலகு பிடிக்குள்ளே திரும்பி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கிவிட்டது. விரல் போகவில்லை, அது எந்தச் சாமி செய்த புண்ணியமோ. கத்தி இரண்டு துண்டாகச் சாக்கில் கிடந்தது.

என் வீட்டுக்காரர் அலகை ஒரு கையிலும் குழாயை ஒரு கையிலும் எடுத்தார். அன்று உலை மூட்டவில்லை, மறுநாளும் மூட்டவில்லை. "யானைக்கும் அடி சறுக்கும் மச்சான்" என்று தம்பிதான் அவரைத் தேற்றினான். "சறுக்கினது நான், ரத்தம் உன்னுது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நான் அந்த அலகை எடுத்துப் பார்த்தேன். வாலில் ஒட்டியிருந்த அரக்கு மெழுகுவர்த்தி உருகியதுபோல் ஒரு பக்கமாக வழிந்திருந்தது. முகர்ந்தால் புகை நாற்றம். சுட வைத்து இறக்கிய அரக்கு, சுட்டால் இளகாதா? நாங்கள் தண்ணீரில் போட்டோம், கல்லில் நெம்பினோம். நெருப்பைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நெருப்பின் மேல் தொங்க விடச் சொன்னவள் நான்.

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் மேல் பழி நிற்க, நான் சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, அவர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லைச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

"ஏங்க, உங்க கை தப்பு பண்ணல. நாந்தான் அத அடுப்புக்கு மேல தொங்கப் போடச் சொன்னேன். அரக்கு இளகிப்போச்சு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் என் கையிலிருந்த அலகை வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அலகு சரி. வெட்டு சரி. அரக்குதான் வேணாம்" என்றார். பிறகு, "துருத்தியப் பிடி" என்றார்.

புதிய கத்தியில் அலகைப் பிடியோடு ஒட்டுகிற வேலையே இல்லை. மண்வெட்டியில் காம்பு செருகும் காது இருக்கிறதே, அதே யோசனை. ஒரே ஸ்பிரிங் துண்டில் பாதியை அலகாக அடித்தார். மீதிப் பாதியைத் தட்டையாக விரித்து, ஓர் இரும்புக் கம்பியின் மேல் சுருட்டிக் குழாயாக்கினார். ஓரங்கள் சேரும் கோட்டிலும் அலகுப் பக்கத்து அடியிலும் தண்ணீர் புகாதபடி பித்தளையை உருக்கி ஓடவிட்டார். பித்தளை உருகும் அளவுக்குத் துருத்தி இழுத்து என் தோள்பட்டை விட்டுப்போனது. முதல் இரண்டு வெடித்தன. மூன்றாவது நின்றது.

இந்தத் தடவை சோதனையின் முதல் பாதி என்னுடையது. குச்சியை உள்ளே வைக்காமல், என் அடுப்புக்கு மேலே புளிக்கும் கருவாட்டுக்கும் நடுவில் பத்து நாள் தொங்கவிட்டேன். அந்தப் பத்து நாளும் தேவையில்லாமல்கூட விறகு வைத்தேன். "நெல்லு அவிக்கிற வீடு மாதிரி இருக்கு" என்று தம்பி கேலி செய்தான். பிறகு பலாக் கட்டை, கல் இடுக்கு, மகாவலி. என் வீட்டுக்காரர் பிடியின் மேல் ஏறி நின்றபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தது அந்தக் கத்தி.

இன்னொரு யோசனையும் சொன்னேன், இந்தத் தடவை நிதானமாக. குச்சி உள்ளே இருக்கும்போது நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதே, குச்சியை எடுத்துவிட்டுக் காயவை என்று. காயம் ஆறிய கையால் தம்பி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டான். இருபது குச்சி எண்ணி வைத்தேன்.

மழை பிடித்தது. பாலத்தடியில் ஆறு செம்மண்ணாக ஓடியது. ஹுன்னஸ்கிரியாப் பக்கம் மேகம் இறங்கியிருப்பது தெரியும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு தகவலும் இல்லை. என் வீட்டுக்காரர் வாயால் எதுவும் கேட்கமாட்டார். ஆனால் பஸ் நிற்கும் நேரத்துக்குச் சரியாகப் பட்டறை வாசலில் வந்து நிற்பார்.

ஒரு மாலை, நான் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு நெருப்புப்பெட்டியும் நமுத்துப்போயிருந்தது. வாசலில் நிழல் தட்டியது. தம்பிதான். தாடியும் அழுக்குமாக, ஆனால் கன்னம் கொஞ்சம் சதை பிடித்திருந்தான்.

"தள்ளு அக்கா" என்று குந்தினான். கத்தியை எடுத்து மூடியைத் திருகினான். உள்ளங்கையில் ஒரே ஒரு குச்சி விழுந்தது.

"பத்தொன்பது செலவு. ஒண்ணு உன் அடுப்புக்குன்னு வச்சிருந்தேன்."

பிடிக்குள் இருந்த பட்டையில் ஒரே உரசல். பற்றிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நிற்பதைக்கூட நான் பார்க்கவில்லை. "காட்டுல இன்னும் நாலு பேருக்கு இதே மாதிரி வேணுமாம் மச்சான்" என்றான் தம்பி. அவர் தம்பியின் இடது கையைப் பிடித்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். தம்பி எழுந்து, காலியான கத்தியைப் பழக்கத்தில் அடுப்புக்கு மேலிருந்த கயிற்றில் மாட்டினான்.

என் கை தன்னாலே அதை எடுக்கப் போனது.

"விடு புள்ள" என்றார் அவர். "அது அங்கயே தொங்கட்டும்."