மார்லிஸ் துப்பாக்கி எடுத்த ஞாயிறு

மார்லிஸ் ஹோவ்லண்டிடம் தலையைக் கொடுக்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. கடைத்தெருவில், தீவனக் கடைக்கும் தபால் நிலையத்துக்கும் நடுவில், ஒற்றை நாற்காலி போட்டு இருபது வருடமாக முடி வெட்டி வருகிறாள். திமிறி அழுகிற குழந்தைகூட அவள் கை பட்டதும் அடங்கிவிடும். கத்தரியை எடுப்பதும் தெரியாது, வைப்பதும் தெரியாது. அப்படி ஒரு மெத்தென்ற கை.

அவள் பிறந்தது ஸ்போகேன் நகரத்தில். ஆர்லோவைக் கட்டிக்கொண்டு மொன்டானாவின் இந்தப் புல்வெளிக்கு வந்தபோது, செம்மறி ஆட்டைப் படத்தில் பார்த்ததோடு சரி. பிறகு, தாய் ஒதுக்கிய குட்டிகளை அங்கிருந்தும் இங்கிருந்தும் வாங்கி வந்து, புட்டிப்பால் கொடுத்தே ஒரு மந்தையைச் சேர்த்துவிட்டாள். இன்று அவை எல்லாம் வளர்ந்து குட்டி ஈனும் ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதமும் உண்டு.

இத்தனை வருடத்தில் அவள் தொடாத ஒரே பொருள் துப்பாக்கி. அது ஆர்லோவின் இலாகா. ஆடுகள் வயிறு கனத்து நடக்க ஆரம்பித்ததும் அவன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிடுவான். ஈரம் காயாத குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடைப்பள்ளத்தில் இறங்கிவிட, நரிக்கு அண்ணன் ஓநாய்க்குத் தம்பியான ஒரு கொயோட்டிக்கு அதிக நேரம் வேண்டாம்.

இந்த வருடம் ஆர்லோவின் வலது தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. கை கழுத்திலிருந்து தொங்கியது. அவனுடைய அண்ணன் வெர்ன் வந்தான், காப்பி குடித்தான், தீர்ப்பும் சொன்னான்.

"ஆடுங்களை என் இடத்துக்கு ஓட்டிவிடு மார்லிஸ். குட்டி போட்டு முடியற வரைக்கும் அங்க நிக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"என் ஆடு என் கொட்டகையிலதான் குட்டி போடும்."

"கொயோட்டி வந்தா என்ன பண்ணுவ? உக்கார வச்சு முடி வெட்டி அனுப்புவியா?"

ஆர்லோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

வெர்ன் கெட்டவன் இல்லை. ஆனால் அவனுடைய மந்தை பெரிய மந்தை. அங்கே ஒரு குட்டி எழுந்து நின்றால் நின்றது, இல்லாவிட்டால் இல்லை. குனிந்து தூக்கி, வாயில் விரல் வைத்துப் பார்க்க அங்கே எவருக்கும் பொழுது கிடையாது. தன் ஆடுகள் அந்தக் கூட்டத்துக்குள் போனால் எத்தனை குட்டிகள் மிஞ்சும் என்று மார்லிஸ் யோசித்துப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை சுட்டுக் காட்டறேன். அதுக்கப்புறம் பேசு" என்றாள்.

குட்டி ஈனும் காலத்துக்கு முன்னால் வரும் ஞாயிறுகளில், தேவாலயம் விட்டதும் பாதி ஊர் ஜல்லிக்குழிக்கு வந்துவிடும். துப்பாக்கியின் குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள்; சாப்பிடவும்தான். பிக்கப் வண்டிகளின் பின்கதவை இறக்கினால் மேசை தயார். ஒரு வண்டியில் இறைச்சியும் பீன்ஸும் போட்டுக் காரமாகக் கொதிக்கவைத்த சில்லியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இருக்கும், இன்னொன்றில் துப்பாக்கிகள் இருக்கும். எதிரே மண்மேட்டின் அடியில் வெள்ளை பூசிய இரும்புத் தட்டுகள். தட்டைப் பார்க்க யாராவது போகும்போது எல்லாத் துப்பாக்கியும் தோட்டா ஏறும் வாய் திறந்து காலியாகக் கிடக்க வேண்டும், ஒருவரும் கை வைக்கக் கூடாது. அங்கே அதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஒட்டத் தேவையும் இல்லை.

மார்லிஸுக்குச் சொல்லிக்கொடுக்க ராக்ஸி வந்திருந்தாள். மாட்டு டாக்டரிடம் வேலை செய்பவள். இருவரும் ஒரே வயது, ஒரே வாய்.

ஆர்லோவின் துப்பாக்கி போன இலையுதிர் காலத்தில் வாங்கியது, செமி ஆட்டோமேட்டிக். வெர்ன் அதற்கு வைத்த பெயர் சோம்பேறித் துப்பாக்கி. அவனுடையது பழைய ரகம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் தள்ள வேண்டும்.

"இதுல அந்த வேலை கிடையாது" என்றாள் ராக்ஸி. "ஒரு தடவை விசையை அழுத்தினா ஒரு குண்டு. சுட்ட வேகத்துலயே அடுத்ததை அதுவா ஏத்திக்கும். நீ மூச்சு விடறதுக்குள்ள அது மறுபடியும் தயார். அதான் இதோட சௌகரியம், அதான் இதோட ஆபத்தும். முதல் குண்டை மட்டும் நீ ஏத்தணும். கைப்பிடியை இழுத்து விடு."

மார்லிஸ் அடியில் தோட்டாக்கூட்டைச் செருகினாள். கைப்பிடியைக் கடைசிவரை இழுத்தாள். பிறகு, தன் வழக்கப்படி, விரலாலேயே அதைத் தாங்கி மெல்ல மெல்ல முன்னால் கொண்டுபோய் வைத்தாள். கட்டையைத் தோளில் அழுத்தி, மூச்சைப் பிடித்து, விசையை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்து வண்டியில் சாய்ந்து சில்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த வெர்ன் கரண்டியைத் தூக்கினான். "கொயோட்டி இந்நேரம் குட்டியைத் தின்னு முடிச்சு வாயைத் தொடச்சிருக்கும்."

"நீ தின்னு முடி மொதல்ல" என்றாள் ராக்ஸி. மார்லிஸின் பக்கம் திரும்பி, "அடியே, தூங்கற புள்ளை ரூம் கதவையா சாத்தற? இழு, விட்டுடு. ஸ்பிரிங் பாத்துக்கும்."

"உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா?"

"உடையாது. நீ பதவிசா கொண்டு போனாத்தான் பாதியில நின்னுக்கும்."

மார்லிஸ் மறுபடி இழுத்தாள். சுடப்படாத தோட்டா ஒன்று பக்கவாட்டில் துள்ளி விழுந்தது. இந்த முறை கையை எடுத்துவிட்டாள். இரும்பு இரும்பில் அறைந்த சத்தம் மணிக்கட்டு வரை ஏறியது. அவள் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு சத்தமாக மூடியதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் குண்டு தட்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பியது. தோளில் விழுந்த உதை, அவள் நான்கு நாளாகப் பயந்ததில் பாதிகூட இல்லை. அடுத்து ஏதோ செய்ய வேண்டும் என்று கை தானாக எழுந்தது, செய்ய ஒன்றுமில்லை. துப்பாக்கி அவளுக்காகக் காத்திருந்தது. மறுபடி அழுத்தினாள். தட்டு கணீரென்றது.

காலியான தோட்டா உறை சூட்டோடு வலப்பக்கம் பறந்து, நேராக வெர்னின் கிண்ணத்தில் சொத்தென்று விழுந்தது.

"பேசிப் பேசியே சில்லி ஆறிப்போயிருக்குமே, அதான் சுட வச்சுக் குடுத்தேன்" என்றாள் மார்லிஸ், துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆர்லோ நல்ல கையால் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். கூடு தீரும்வரை சுட்டாள். சில பட்டன, சில மண்ணுக்குப் போயின.

வெர்ன் கிண்ணத்தை வைத்தான். "தட்டு ஓடாதும்மா, கொயோட்டி ஓடும். கொண்டா இப்படி."

அவன் கை தேர்ந்த கை, அதில் சந்தேகமில்லை. புதிதாக நிரப்பிய கூட்டைச் செருகிச் சுட்டான். கணீர் கணீரென்று தட்டு அதிர்ந்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை. பாதியில் நிறுத்தினான். கூட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை வண்டியின் பின்பலகையில், குழல் தட்டுகளைப் பார்க்கிறபடி கிடத்தினான்.

"காலி. வாங்க, யாரோட அடி எங்க விழுந்திருக்குன்னு போய்ப் பாப்போம்."

ராக்ஸி அந்தப் பக்கம் திரும்பிக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆர்லோவும் இன்னும் இரண்டு பேரும் மண்மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். மார்லிஸ் துப்பாக்கியைப் பார்த்தாள். அதன் வாய் மூடியிருந்தது.

"எல்லாரும் நில்லுங்க!"

முடிவெட்டும் கடையில் எவரும் கேட்டிராத குரல். ஜல்லிக்குழியே நின்றது.

"திரும்பி என் பின்னால வாங்க. ஆர்லோ, நீயும்தான்."

"என்ன இப்ப? கூடு என் பையில இருக்கு" என்றான் வெர்ன்.

எல்லாரும் பின்னால் வந்ததும், அவள் குழலை மண்மேட்டுக்கே நேராக வைத்தபடி கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுத்தாள். பளபளவென்று முழுத் தோட்டா ஒன்று துள்ளி வெளியே வந்து, ஜல்லியில் உருண்டு, வெர்னின் காலணியருகே நின்றது.

வெர்ன் குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

"நாப்பது வருஷமா சுடறேன்" என்றான் மெதுவாக.

"உன் துப்பாக்கியா இருந்தா காலிதான் வெர்ன். உன் கை இழுத்தாத்தான் அது ஏத்தும். இது உன்னைக் கேக்காம ஏத்திக்கும்." அவள் குரலில் குத்தல் இல்லை. கைப்பிடியைத் திறந்த நிலையில் நிறுத்தி, உள்ளே விரல் விட்டுப் பார்த்து, துப்பாக்கியைக் கீழே வைத்தாள். "இப்ப போலாம்."

தட்டில் வெர்னின் அடிகள் நடுவில் ஒரே கொத்தாக இருந்தன. மார்லிஸின் அடிகள் ஓரமாக, ஒன்றுக்கொன்று உறவில்லாமல் கிடந்தன.

"இது பத்தாது மார்லிஸ்" என்றான் வெர்ன்.

"பத்தாதுதான். தினமும் கடையைச் சாத்திட்டு இங்க வந்து சுடுவேன்."

"அப்ப ஆடு?"

"ஆடு இருக்கற இடத்துலயே இருக்கும்."

வெர்ன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். "சரி. நாளைக்கு நானும் வரேன். மூச்சை நீ தப்பான நேரத்துல விடற" என்று மட்டும் சொன்னான்.

ஏப்ரல் முதல் வாரத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், வேலியோரம் இரண்டு கொயோட்டிகள் வந்தன. மார்லிஸ் கொட்டகை வாசலில் முட்டி போட்டு ஒன்றைக் குறிபார்த்துச் சுட்டாள். மண் தெறித்தது. அவை திரும்புவதற்குள் இரண்டாவது குண்டும் போய்விட்டது. இரண்டும் பள்ளத்தில் பாய்ந்து மறைந்தன.

காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வெர்ன் போன் செய்தான். ஆர்லோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டான்.

"சுட்டியாமே?"

"சுட்டேன்."

"பட்டுதா?"

"படல."

"அதான் நான் அப்பவே..."

"எனக்குக் குட்டி ஒண்ணுகூடக் குறையல வெர்ன். உனக்கு?"

"ராத்திரி ரெண்டு போச்சு" என்றான்.

"சாயங்காலம் வா, பேசலாம். இப்ப போனை வை. இங்க ஒருத்தி முக்கிட்டிருக்கா, குட்டியோட கால் தெரியுது."

அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு வைக்கோலில் மண்டியிட்டாள்.