நிக்குமா?

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் என்னைவிட இளையவர்; எந்நேரமும் கடுகடுத்த முகம். தினமும் ஆட்டோவைப் பத்தடி ஓட்டி, பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏர்வாடிக்குச் சவாரி போவார்.

ஒருநாள் வாசலில் என் பழைய மீன் வேனுக்கு இடப்பக்க பிரேக் ஷூவை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பக்கம்?" என்றார்.

"அது இன்னும் ஓடும்."

"ஓடும்ணே. நிக்குமா?"

"மீனுதானப்பா போகுது."

"எதுக்க வாரவனும் மீனா?"

"என் வண்டி. நீ யாருலே கேக்குறதுக்கு?" என்று கத்தினேன். அவர் ஸ்பேனரைப் பிடுங்கி, வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி, பழைய ஷூவைக் கருவேலங்காட்டுக்குள் வீசி எறிந்தார்.

மறுநாள் அவரைத் திட்டிக்கொண்டே புதிது வாங்கி மாட்டினேன். வேனைக் கிளப்பியதும் பத்தடி முன்னால் வந்து நின்றார்.

"இப்ப வாங்கண்ணே."

அவரை நோக்கி ஓட்டி பிரேக்கை மிதித்தேன். வேன் நின்றது. என்மேல் அவ்வளவு கோபமாக இருந்தவர் என் கைவேலையை எப்படி நம்பினார் என்று இன்றுவரை விளங்கவில்லை.