எழுதுமுன் சொன்ன ஓம்

நெடுந்தீவில் இருக்கும் அப்பாவுக்கு என் வேலையை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் இருக்கும் வெளிநாட்டில் வட்டமான பெரிய கட்டடம் ஒன்று. அதற்குள் இலத்திரன் என்ற மின்துகள்களை ஓடவிட்டு எக்ஸ்ரே கதிர் எடுப்பார்கள். ஆராய்ச்சிக்காரர் தங்கள் பொருளை அந்தக் கதிரின் முன்னால் வைக்க, டிடெக்டர் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளும். ஒன்றும் சிந்தாமல் கணினியில் பிடித்து வைப்பது என் பொறுப்பு. போனில் இதையெல்லாம் சொன்னபோது, “ஓம், ஓம்,” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பொறுமையாகக் கேட்க அவரை விட்டால் எனக்கு ஆளில்லை என்று நினைத்தேன்.

எங்கள் புரோகிராமிலும் ஒரு ஓம் உண்டு. படக் கட்டு ஒன்று வந்து சேர்ந்ததும், வாங்கும் கணினி ‘கிடைத்தது’ என்று டிடெக்டருக்குப் பதில் அனுப்பும். அந்தப் பதிலை நம்பித்தான் டிடெக்டர் தன்னிடமுள்ள படங்களை அழிக்கும். அந்தப் பகுதியை எழுதியவள் நான். எங்கள் ஊரில் ‘ஆம்’ என்பதற்குச் சொல்லும் ‘ஓம்’ என்றே அதற்குப் பெயரும் வைத்தேன். கூட வேலை செய்பவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

போன வருடம் அம்மாவின் திவசத்துக்கு வருவதாக அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். பார்த்தால், புதிய டிடெக்டர் ஓடத் தொடங்குவதும் அதே வாரம். அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

“அப்பா, இந்த முறை திவசத்துக்கு வர ஏலாது. குறை நினைக்காதேங்கோ.”

“ஓம் பிள்ளை, ஓம்.”

நிம்மதியாக இருந்தது. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லையே என்று கொஞ்சம் கோபமும் வந்தது.

திவசத்தன்று காலை வேலைக்குப் போனால், படங்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகக் காணவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து வந்த குழுவின் படங்கள். நான் முன்கோபி, நெட்வேர்க் பார்ப்பவர் மேல் பாய்ந்தேன். கடைசியில் பிழை என்னுடையது. படங்களை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி முடிக்குமுன்பே, அவை கணினியின் வாசலுக்கு வந்ததுமே, என் புரோகிராம் ஓம் சொல்லியிருக்கிறது; அதை நம்பி டிடெக்டரும் அழித்துவிட்டது.

தலையில் கைவைத்தபடி இருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா.

“அப்பா காலமை தொடக்கம் படகுத் துறையிலை நிக்கிறார். வந்த போட்டெல்லாம் பாத்திட்டார். பிள்ளை வந்தாப்பிறகுதான் சாப்பாடாம்.”

“வர ஏலாதெண்டு சொன்னனான் அக்கா. ஓம் எண்டவர்.”

“அவருக்குக் காது கேக்கிறேல்லையடி. உன்ரை சத்தம் நிண்ட உடனை ஓம் எண்டிடுவார். உனக்குச் சொல்லவேண்டாமெண்டவர்.”

இளமை முழுதும் படகு எஞ்சினோடு கழித்த காதுகள். எனக்கு எப்படித் தெரியாமல் போனது? மேசையிலேயே அழுதேன். படங்களுக்காக அழுகிறேன் என்று நினைத்து நெட்வேர்க்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

குழுவுக்கு மீண்டும் கதிர் நேரம் கொடுத்தார்கள். என் புரோகிராம் இப்போது எழுதியதைத் திருப்பி வாசித்துப் பார்த்த பிறகே ஓம் சொல்கிறது. அப்பாவோடும் அதே ஏற்பாடுதான். வாய் தெரியும்படி வீடியோவில் பேசுவேன். நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

போன ஞாயிறு சொன்னேன்: “ஆவணியிலை வர ஏலாதப்பா. மார்கழியிலைதான் லீவு.”

“ஓம்.”

“நான் என்ன சொன்னனான்?”

கொஞ்சம் யோசித்தார். “ஆவணியிலை வாறன் எண்டு சொன்னனீ.”

அவர் முகமெல்லாம் சிரிப்பு. திருத்த வாயெடுத்தேன், முடியவில்லை.

“ஓம் அப்பா,” என்றேன், லீவுக் கடிதம் இன்னும் எழுதாமலே.